கல்குடாப் பக்கம் சுறா பார்க்க இறங்குபவர்களுக்கு

மட்டக்களப்பில் டைவிங் என்றதும் முதலில் வாயில் வருவது ஹேர்மிஸ். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பல். கரையிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீற்றரில், 53 மீற்றர் ஆழத்தில், இடப்பக்கம் சரிந்து கிடக்கிறது. கப்பல் பார்க்கப் போங்கள், சுறாவுக்காகப் போகாதீர்கள். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீற்றர். அதற்கப்பால் போகப் பயிற்சி பெற்றவருக்கும் அடியில் சில நிமிடம்தான். சாதாரணக் காற்றை மூச்செடுத்துக்கொண்டு போனால் அந்த ஆழத்தில் நைட்ரஜன் மயக்கம் பிடிக்கும், பாரை மீன் கூட்டமும் சுறாக் கூட்டமாய்த் தெரியும்.

சுறா வேண்டுமென்றால் ஆழத்தை விட்டுவிட்டுப் பாறை விளிம்பைப் பிடியுங்கள். நம் பக்கம் பார்க்க அதிக வாய்ப்புள்ளது கருமுனைப் பாறைச்சுறா. இது இடுப்பளவு தண்ணீரிலும் திரியும். பெரியது ஒன்றரை மீற்றரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அடையாளம் முதுகுச் செட்டையில் இருக்கிறது: நுனி மை தொட்டதுபோல் கறுப்பு, அதற்குக் கீழே வெள்ளைப் பட்டை. அந்த வெள்ளைதான் முக்கியம். கறுப்பு நுனி உள்ள சுறாக்கள் வேறும் உண்டு, ஆனால் கறுப்புக்குக் கீழே இப்படி வெட்டினாற்போல் வெள்ளை தெரிவது இதில்தான். தண்ணீர் ஏறும் நேரத்தில் பாறையின் மேல்தட்டுக்கு இரை தேடி வரும், தண்ணீர் இறங்கும்போது விளிம்புக்கு ஒதுங்கும். அதனால் மேல்தட்டின் நடுவில் நிற்காமல், சரிவு தொடங்கும் இடத்தில் அசையாமல் மிதப்பதே சரி.

இந்தச் சுறா மகா பயந்தாங்கொள்ளி. கமராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் நீந்தினால் வாலைக்கூடப் பார்க்கக் கிடைக்காது. குமிழிச் சத்தமும் அதற்கு ஆகாது. அதற்காக மூச்சை அடக்காதீர்கள். காற்றுத் தாங்கி போட்டுக்கொண்டு மூச்சடக்கி மேலே எழும்பினால் நுரையீரல் கிழியும். மெதுவாக, நீளமாக விடுங்கள். ஸ்நோர்கல் (மூச்சுக்குழாய்) போடுபவருக்குச் சில வேளை தாங்கிக்காரரை விட நன்றாகத் தெரிவது இந்த அமைதியால்தான்.

அடுத்தது வெண்முனைப் பாறைச்சுறா. ஒல்லி உடம்பு, தட்டை முகம், முதுகுச் செட்டை நுனியும் வால் மேல்நுனியும் வெள்ளை. பகலில் பொந்துக்குள் படுத்துக் கிடக்கும், வேட்டை இரவில். சுறா நீந்திக்கொண்டே இல்லாவிட்டால் செத்துவிடும் என்ற கதை இதனிடம் எடுபடாது: வாயால் தண்ணீரை இழுத்துச் செவுள்வழி தள்ளி, கிடந்தபடியே மூச்சுவிடும். டோர்ச்சை நேரே கண்ணில் அடிக்காமல் பொந்தின் ஓரத்தில் அடியுங்கள். பொந்து வாசலை மறித்து நிற்பதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. வெளியே வர அதற்கு ஒரே வழி, அந்த வழியில் நீங்கள். நடுக்கடலில் இதே வெள்ளை நுனியோடு திரிவது பெருங்கடல் வெண்முனைச் சுறா, அது வேறு இனம். அதன் செட்டை துடுப்புப்போல் அகன்று உருண்டிருக்கும், ஆட்களை நெருங்கியும் வரும். பெயர் ஒத்திருக்கிறது என்பதற்காக இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம்.

பழுப்பு நிறத்தில், மூக்கடியில் இரண்டு மீசையோடு மணலில் கிடப்பது செவிலிச்சுறா. சோம்பேறிபோல் தெரியும், அதனால்தான் வாலைப் பிடிக்கும் ஆசை வருகிறது. இரையை உறிஞ்சி இழுக்கும் வாய் அது, கவ்வினால் லேசில் விடாது. கவ்வியதை இழுத்துப் பிடுங்கினால் சதைதான் கிழியும்.

உடம்பளவு நீள வாலோடு, புள்ளிபோட்டுக் கிடப்பது வரிச்சுறா. குட்டியில் வரி, வளர்ந்தபின் புள்ளி. பெயரைப் பார்த்து வரியைத் தேடாதீர்கள். நீள வாலைக் கண்டதும் கசைவால் சுறா என்று கத்துபவர்கள் உண்டு. கசைவாலுக்குப் பெரிய கண், ஆழ்கடல் வாசம், மணலில் படுக்கும் பழக்கமே இல்லை. அதைப் பிடிக்க இலங்கையில் 2012 முதல் தடை.

சுறாவே இல்லாத சுறாக்களும் இருக்கின்றன. உழுவை மீனுக்குச் சுறாவின் வாலும் செட்டையும் உண்டு, ஆனால் தலை திருக்கைபோல் தட்டை. சந்தேகமென்றால் செவுள் பிளவைப் பாருங்கள்: பக்கவாட்டில் இருந்தால் சுறா, வயிற்றுப் பக்கம் இருந்தால் உழுவை. கடல்விரால் தூரத்தில் சுறாவாகவே தெரியும். கிட்ட வந்தால் பிளவுகளுக்குப் பதில் சாதாரண மீனின் செவுள்மூடி.

திமிங்கிலச் சுறா வந்தால் அதிர்ஷ்டம். தொடாமல், பக்கவாட்டில் மூன்று நான்கு மீற்றர் விட்டு நீந்துங்கள், வாலுக்குப் பின்னால் வேண்டாம்.

எந்தச் சுறாவானாலும் முதுகை வளைத்து, மூக்கை உயர்த்தி, பக்கச் செட்டைகளைக் கீழே தொங்கவிட்டு விறைப்பாக நீந்தினால் அது எச்சரிக்கை. சாம்பல் பாறைச்சுறாவிடம் இது நன்றாகத் தெரியும். ஃபிளாஷ் அடிப்பதை நிறுத்தி, முகத்தை அதன் பக்கமே வைத்து, அது ஓட வழிவிட்டுப் பின்வாங்குங்கள். மீன் துண்டு காட்டி அழைக்கும் போட்காரரிடம் ஏறவே ஏறாதீர்கள். ஆளைக் கண்டால் தீனி என்று சுறா படித்துக்கொண்டால், அடுத்து இறங்குபவர் வெறுங்கையோடு இருப்பது அதற்குத் தெரியாது.

காலம் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, அதுவும் காலை வேளை. நவம்பரில் வாடை தொடங்கினால் கடலும் கலங்கும். மழைக்குக் களப்பின் முகத்துவாரத்தை வெட்டிவிட்ட நாட்களில், அம்பாறைக் கரையானாலும் சரி, அந்தக் கலங்கல் தண்ணீரில் நீந்த வேண்டாம். ஆற்றுநீரிலும் ஏறக்கூடிய காளைச் சுறா தேடுவது அப்படிப்பட்ட தண்ணீரைத்தான், அங்கே உங்கள் காலையும் மீனையும் பிரித்தறிய அதற்கு வெளிச்சம் இருக்காது.

இறங்குமுன் வழிகாட்டியோடு கைச்சைகையைப் பேசிக்கொள்ளுங்கள். விறைத்த கையை நெற்றியில் செட்டைபோல் வைத்தால் சுறா. சைகை வந்ததும் அந்தப் பக்கம் பாயாமல், இருந்த இடத்திலேயே நில்லுங்கள். பாறைச்சுறா பெரும்பாலும் வட்டமடித்து அதே வழியால் திரும்பி வரும்.