ஓ.ஆர்.எஸ்.ஸில் சர்க்கரை எதற்கு?

"வயித்தால போற பிள்ளைக்கு இனிப்புத் தண்ணி குடுத்தா இன்னும் அதிகமாயிடாதுங்களா அண்ணா?" அம்மாபேட்டையில் மருந்துக்கடையில் நிற்கிற எனக்கு, வெயில் ஏறினால் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பேதிக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். உப்புப் பாக்கெட்டில் இருக்கும் அந்தச் சர்க்கரை ருசிக்கோ தெம்புக்கோ போட்டதில்லை.

சிறுகுடல் செல்களின் சவ்வில் எஸ்.ஜி.எல்.டி.1 என்றொரு புரதம் இருக்கிறது. குளுக்கோஸ் ஒன்றும் சோடியம் இரண்டும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே எடுத்துக்கொள்ளும், சோடியம் போனால் தண்ணீரும் பின்னாலேயே போய்விடும். செல்லின் மறுபக்கத்தில் ஒரு பம்ப் ஓயாமல் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுப்பதால்தான், செல்லுக்குள் சோடியம் குறைவாகவே இருந்து இந்த வரத்து நிற்காமல் நடக்கிறது.

காலராவை வைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். குடலில் நீர் சுரக்கச் சொல்லும் ஜி புரதம் வேலை முடிந்ததும் தானே அணைந்துவிடும். காலரா நச்சு அப்படி அணையவிடாமல் செய்துவிடுகிறது. செல்லுக்குள் சேதி கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற பொருள் ஏறி, குளோரைடு குடலுக்குள் போகும் வழி திறந்தபடியே கிடந்து, அதன் பின்னாலேயே ஒரே நாளில் லிட்டர் லிட்டராக நீர் வெளியேறிவிடும். அந்த நிலையிலும் எஸ்.ஜி.எல்.டி.1 கெடுவதில்லை, உப்போடு சர்க்கரை வந்தால் வழக்கம்போல உள்ளே எடுத்துக்கொள்கிறது! 1971இல் மேற்கு வங்காளத்தின் போங்காவ் அகதிகள் முகாமில் ஏற்றுவதற்கு சலைன் போதாமல் போனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் கரைத்து வாய்வழியே கொடுக்க வைத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 3.6 சதவீதமாகக் குறைந்தது. எனக்கு இதைவிடப் பெரிய மருத்துவச் செய்தி கிடையாது.

அதனால்தான் அளவு விஷயத்தில் நான் விடாப்பிடியாக இருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2002 கணக்குப்படி ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். பெரிய பாக்கெட்டைப் பிரித்து டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று போடாதீர்கள். மேலே இன்னும் சர்க்கரை சேர்த்தால், ஜாஸ்தியான சர்க்கரை தண்ணீரைக் குடலுக்குள்ளேயே இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும். இனிப்பு ஜூஸும் அப்படித்தான். மேட்டூர்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவுக்கு முழுசாகக் கரையுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள், மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள். பிள்ளை குடிக்கவே முடியாமல் துவண்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, கடைக்கு வராமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.