இடது கைக்காரனின் மடக்குக் கத்தி

ஜூன் 8, 2024, சனி
மாடித் தோட்டத்தில் ஒரு கை எப்போதும் மாட்டிக்கொள்கிறது. பாகற்கொடியை ஒரு கையில் தாங்கினால், சணலை அறுக்க மற்ற கைதான் மிச்சம். பழைய சுவிஸ் கத்தியில் அலகின் மேல் உள்ள பள்ளத்தில் நகத்தை மாட்டி இழுக்க வேண்டும், அதற்கு இரண்டு கையும் தேவை. நான் பல்லால் இழுப்பேன். வீட்டில் யாரும் பார்க்காத வரை சரி. இன்று ஒற்றைக் கையில் திறக்கும் கத்தி ஒன்று வந்து சேர்ந்தது. மூன்று அங்குல அலகு, லைனர் லாக், அதாவது கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடே திறந்த அலகைப் பூட்டும்.

ஜூன் 9, ஞாயிறு
திறப்பது பெரிய வித்தை இல்லை. மூடிய அலகு தானாகத் திறக்காமல் இருக்க, உள்தகட்டில் ஒரு சின்னக் குண்டு அலகின் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அலகில் உள்ள குமிழைக் கட்டைவிரலால் நேராகத் தள்ளாமல் அரைவட்டமாகச் சுழற்றினால் குண்டு விலகிவிடும், அப்புறம் அலகு வழுக்கிக்கொண்டு போகும். குமிழைவிட எனக்குப் பிடித்தது அலகிலேயே வட்ட ஓட்டை போடும் முறை. அமெரிக்காவின் ஸ்பைடர்கோ என்ற கத்திக் கம்பெனி 1981-இல் இதைக் கொண்டுவந்தது. விரலின் சதை ஓட்டையில் பதியும், எந்தக் கையானாலும் ஒன்றுதான்.

ஜூன் 11, செவ்வாய்
மூடுவதில்தான் சங்கதி இருக்கிறது. வீடியோக்களில் எல்லாரும் திறப்பதைத்தான் காட்டுகிறார்கள், ‘டக்’ சத்தத்துக்காக.

அலகு முழுதாகத் திறந்ததும் உள்தகடு ஒன்று பக்கவாட்டில் வளைந்து வந்து அதன் அடியில் முட்டுக் கொடுக்கிறது. மூட வேண்டுமென்றால் தகட்டை ஒதுக்க வேண்டும். வலது கைக்காரர் கட்டைவிரலால் தள்ளினால் போதும். இடது கையில் பிடித்தால் கட்டைவிரல் எதிர்ப்பக்கம் வந்துவிடுகிறது, தள்ள வேண்டியதை இழுக்க வேண்டியிருக்கிறது. எனவே ஆட்காட்டி விரலால் தள்ளுகிறேன். எந்தக் கையானாலும் தள்ளும் விரல் இருப்பது அலகு மடங்கி வரும் பாதையில்! அதனால் தகட்டை ஒதுக்கி, அலகின் முதுகைத் தொடையில் லேசாக அழுத்திக் கொஞ்சம் மடக்கியதும் விரலை எடுத்துவிட வேண்டும். பிறகுதான் மீதியை மூடலாம். கத்தரிக்கோல், அரிவாள்மனை எல்லாமே வலது கைக்காரர் உலகம்தான், கத்தி மட்டும் விதிவிலக்காகுமா?

ஜூன் 15, சனி
அலுவலக நண்பர் தன் கத்தி இறுகிவிட்டது என்று கொண்டுவந்தார். அது ஃப்ரேம் லாக், அதாவது கைப்பிடியின் ஒரு பக்கமே பூட்டுத் தகடு. வாங்கிப் பார்த்தால் ஒரு கோளாறும் இல்லை. திறக்கும்போது அவருடைய மற்ற விரல்கள் அந்தத் தகட்டையே நசுக்கிப் பிடித்திருந்தன, குண்டு குழியை விட்டு எப்படி விலகும்? விரல்களைத் தளர்த்தியதும் திறந்துகொண்டது. டீ அவர் செலவு.

ஜூன் 20, வியாழன்
அண்ணன் மகன் ஜெர்மனியில் படிக்கிறான். ஒன்று அவனுக்கும் வாங்கலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம் சித்தப்பா என்றான். ஒற்றைக் கையில் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணம் இல்லாமல் வெளியே எடுத்துப் போக 2008 முதல் அங்கே தடை. வேடிக்கை என்னவென்றால், பக்கத்து நாடான சுவிஸ், ஒற்றைக் கையில் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தன் ராணுவத்துக்குத் தேர்ந்தெடுத்ததும் அதே 2008-இல். தோட்டக்காரனைவிடச் சிப்பாய்க்கு ஒரு கை அதிகம் மாட்டுமோ என்னவோ.

ஜூன் 29, சனி
இடது கைக்குத் தோதாக நான் தேடிய கத்தி வந்துவிட்டது, குறுக்குக் கம்பி லாக் வைத்தது, அதாவது அலகைப் பூட்டுவது குறுக்கே கிடக்கும் ஒரு கம்பி. 1998-இல் பெஞ்ச்மேட் என்ற கத்திக் கம்பெனி ‘ஆக்சிஸ்’ என்ற பெயரில் கொண்டுவந்த முறை. காப்புரிமைக் காலம் முடிந்தபின் மலிவான கம்பெனிகளும் செய்கின்றன. கம்பியின் முனைகள் கைப்பிடியின் இருபுறமும் நீட்டியிருக்கும். கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பின்னால் இழுத்தால் அலகு தானே ஆடித் தொங்குகிறது, மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் மூடிக்கொள்கிறது. பாதையில் எந்த விரலும் இல்லை. இடது, வலது பேதமும் இல்லை.

சணல் தூசி புகுந்தால் அச்சில் கரகரக்கிறது. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும். லைனர் லாக் கத்தியை நாளை நண்பருக்குக் கொடுத்துவிடுகிறேன், அவர் வலது கைக்காரர்.