ஏர்பேக் மெத்துனு எல்லாம் வராதுங்க

ஏர்பேக்னா ஏதோ தலையணை மாதிரி வந்து தாங்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. உண்மையில அது ஒரு சின்ன வெடிதான். கார் வேகம் திடீர்னு சரியுறதை சென்சார் சொல்லும். விழுந்தது பள்ளத்துலயா, நடந்தது விபத்தானு கட்டுப்பாட்டுப் பெட்டி முடிவு பண்ணி மின்திரியைப் பத்த வைக்கும். ரசாயனம் எரிஞ்சு வாயு பீறிட, ஸ்டீயரிங் மூடியைக் கிழிச்சுக்கிட்டு பை வெளியே வரும். மோதினதுல இருந்து முழுசா விரிய சுமார் 50 மில்லி நொடி. கண் சிமிட்டவே அதைவிட அதிக நேரம் ஆகும்!

எனக்கு ரொம்பப் பிடிச்சது பையோட பின்பக்கம் இருக்குற ஓட்டைங்கதான். முகம் வந்து பதியும்போது வாயு அது வழியா வெளியேறணும், இல்லேன்னா நம்மளையே திருப்பி எறிஞ்சிடும். அப்புறம் காருக்குள்ள பறக்குற வெள்ளைத் தூள்? பை ஒட்டிக்காம மடிச்சு வைக்கத் தூவுற டால்கம் பவுடரோ சோளமாவோதான் அதுல நிறைய இருக்கும்.

இதை நம்பி சீட் பெல்ட் போடாதவங்களை என்ன சொல்ல? பெல்ட் இல்லேன்னா பை விரியுறப்பவே முன்னாடி சரிஞ்சு, அந்த அடியை நேரா வாங்குவோம். ஸ்டீயரிங்குக்கும் நெஞ்சுக்கும் நடுவுல குறைஞ்சது 25 செ.மீ. விடுங்க. பின்பக்கம் பார்த்து வைக்கிற குழந்தை சீட்டை, ஏர்பேக் ஆன்ல இருக்குற முன் சீட்ல வைக்கவே கூடாது. டேஷ்போர்டு மேல கால் நீட்டுற மகராசன்களே, பை விரிஞ்சா உங்க தொடை எலும்பும் முறியலாம்.