மடியில் பெட்ரோல்

ஹெர்ஷிக்குப் போகலாமா என்று நான் கேட்டபோது வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பென்சில்வேனியாவில் இருக்கும் சாக்லேட் ஊர் அது. தெருவிளக்குகூட மிட்டாய் வடிவத்தில்தான் நிற்கும். மகள் குதித்தாள், மனைவி புளியோதரை கட்டினாள். அக்டோபரில் அதே ஊரில் பழைய கார்களுக்கும் உதிரிபாகங்களுக்கும் பெரிய சந்தை கூடும் என்பதை மட்டும், ஹைவே ஏறி, இனி திரும்ப முடியாது என்ற தூரம் வந்தபிறகு சொன்னேன்.

அவர்கள் சாக்லேட் பார்க்கப் போன மூன்று மணி நேரத்தில் நான் ஒரு கார் வாங்கிவிட்டேன். கார் என்றால், 1929-ம் வருஷத்து ஃபோர்டு மாடல் ஏ. இரண்டு கதவு, நாலு சிலிண்டர். தரை இருக்க வேண்டிய இடத்தில் புல் தெரிந்தது. விலை 3,200 டாலர். கூட வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் டிரெய்லரைத் தயாராகக் கொண்டுவந்திருந்தார். இதெல்லாம் முன்கூட்டியே போட்ட திட்டம் என்று மனைவி கண்டுபிடித்தது அந்த டிரெய்லரைப் பார்த்துத்தான்.

பெரியவருக்கு 74 வயது. ஹாட் ராட், அதாவது பழைய காரை வேகமாக ஓடும்படி மாற்றிக் கட்டுகிற பைத்தியம். எனக்கு அதைத் தொற்ற வைத்தவரும் அவரே. 1930, 40-களில் தெற்குக் கலிபோர்னியாவில் கையில் காசில்லாத பையன்கள் பழைய ஃபோர்டை வாங்கி, மட்கார்டு, பம்பர் என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி எடையைக் குறைத்து, இன்ஜினை முறுக்கேற்றி, மியூராக், எல் மிராஜ் ஆகிய வறண்ட ஏரிப் படுகைகளில் விரட்டிப் பார்த்தார்கள். 1937-ல் அதற்கென்று ஒரு சங்கமே வைத்துவிட்டார்கள். ஆக, பிறந்ததே பணமில்லாதவன் பொழுதுபோக்காகத்தான். இப்போது என்னவென்றால், அதே துரு, அதே வெளிறிய பெயின்ட் வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் டாலர் கொட்டுகிறார்கள். கிழித்து விற்கிற ஜீன்ஸ் மாதிரிதான்.

"நாம் அப்படியில்லை, பழைய முறைப்படி, சிக்கனமாகச் செய்யப்போகிறோம்" என்றார் பெரியவர். மாடல் ஏ கிட்டத்தட்ட 48 லட்சம் வண்டி ஓடியிருக்கிறது, பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை என்றும் சொன்னார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மனைவி மட்டும் எங்கோ படித்துவிட்டு வந்து கேட்டாள்: "ஏங்க, இந்த மாடல் அந்தக் காலத்துல புதுசாவே 385 டாலர்லேர்ந்து கிடைச்சுதாமே?"

அன்றைக்கே மளிகைக் கணக்கு நோட்டில் இதற்கென்று தனிப் பக்கம் திறந்துவிட்டாள்.

அந்தப் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது 'இலவச இன்ஜின்'. ஹாட் ராட் என்றால் ஃபோர்டின் ஃபிளாட்ஹெட் வி8 என்கிற எட்டு சிலிண்டர் இன்ஜின் இல்லாமல் எப்படி என்று பெரியவர் ஒரு நண்பரின் களஞ்சியத்திலிருந்து ஒன்றைத் தூக்கிவந்தார். 3.9 லிட்டர், 100 குதிரைத்திறன், காசே வேண்டாம் என்று கொடுத்தார்களாம். பல வருஷம் கிடந்ததில் உள்ளே பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. பிளக் துளைகள் வழியாக கியர் ஆயிலும் அசிடோனும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினோம். தினமும் ராத்திரி சாப்பிட்டதும் கராஜுக்குப் போய், நீளமான இரும்புக் குழாயை மாட்டி இருவரும் தொங்குவோம். அசையாது. கை கழுவிவிட்டு வந்து படுப்பேன். மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி, கிழக்கட்டில் முனகுகிற மாதிரி ஒரு சத்தம். குழாய் ஒரு விரல் அளவு நகர்ந்தது. பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கு மகள் பிறந்த அன்றுகூட யாரும் அப்படிக் கட்டிப்பிடித்ததாக ஞாபகம் இல்லை.

அப்புறம் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அவர்கள் சோதித்துவிட்டு, வால்வு உட்காரும் இடத்திலிருந்து சிலிண்டர் வரை விரிசல் என்றார்கள். இந்த இன்ஜினில் சூடான புகை வெளியே போகும் வழி பிளாக் என்கிற இரும்பு உடம்புக்கு உள்ளேயே, தண்ணீர் சுற்றுகிற இடத்தை ஒட்டிப் போகிறது. அதனால் சீக்கிரம் கொதிக்கும், விரிசலும் விடும். பெரியவருக்கு இது நன்றாகத் தெரியும். "எல்லா ஃபிளாட்ஹெட்டுமா விரிசல் விடுகிறது?" என்று என்னையே கேட்டார். எண்ணெய், அசிடோன், ஸ்டாண்டு, தூக்கும் கிரேன் வாடகை, பட்டறைக் கூலி எல்லாம் சேர்த்து இலவச இன்ஜினுக்கு 610 டாலர். அதன்மேல் இப்போது எங்கள் கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. குளிர்காலத்தில் கராஜ் ஜன்னல் வெயில் அந்த உயரத்துக்குச் சரியாக வருகிறது.

ஆக, வண்டியோடு வந்த நாலு சிலிண்டரே கதி. 40 குதிரைத்திறன். வி8 வருவதற்கு முன் எல்லோரும் இதைத்தான் விரட்டினார்கள் என்று பெரியவர் ஆறுதல் சொன்னார். மகள், புல் வெட்டுகிற வண்டிக்கு எத்தனை என்று கேட்டாள். இருபது என்றேன். "அப்போ இது ரெண்டு புல்வெட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தரைக்குத் தகடு வெட்டி வெல்டிங் அடித்தது, கம்பியால் இழுக்கிற பிரேக்கை எடுத்துவிட்டு 1940 ஃபோர்டின் ஹைட்ராலிக் பிரேக் மாட்டியது, முன் அச்சைத் தாழ்த்தியது இதெல்லாம் பெரியவர் கைவேலை. நான் விளக்குப் பிடித்தேன். எனக்கென்று ஒதுக்கியது வயரிங். நான் படித்தது எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் என்று தெரியாமல் வாய்விட்டிருந்தேன். இந்த வண்டியில் 6 வோல்ட், அதோடு பாடியில் இணைவது பாசிட்டிவ். நான் உலக வழக்கப்படி நெகட்டிவை இணைத்தேன். கருகல் வாசனை வந்ததும் பெரியவர் என் காலேஜ் பெயரைக் கேட்டார். சொல்லவில்லை.

என் மானத்தைக் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று புளி. கார்புரேட்டரின் பித்தளை மிதவையும் ஜெட்டும் பச்சை பிடித்துக் கிடந்தன. குத்துவிளக்குக்குச் செய்கிற மாதிரி புளியை ஊறவைத்துத் தேய்த்தேன். பளபளவென்று வந்ததைப் பார்த்துப் பெரியவர் அந்தக் கரைசலின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

இன்னொன்று பவானி ஜமக்காளம். பழைய ஹாட் ராட்களில் சீட்டுக்குக் கோடு போட்ட மெக்சிகோ கம்பளியைப் போர்த்துவது வழக்கம். விலை விசாரித்தால் நோட்டில் எழுதுகிற மாதிரி இல்லை. அம்மா கட்டிக் கொடுத்த ஜமக்காளம் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று பட்டைப் பட்டையாக. சீட்டில் விரித்து ஓரத்தை மடக்கித் தைத்தேன். பெரியவர் வந்து தடவிப் பார்த்து, "இதுதான் அசல் பழைய முறை" என்றார். ஈரோட்டுக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். மனைவி நோட்டில் விலை போடாமல், 'ஜமக்காளம், அத்தை கொடுத்தது' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். விலையே போட்டிருக்கலாம்.

அப்பாவிடம் வீடியோவில் காட்டினேன். அவர் அம்பாசடர் வைத்திருந்தவர். சுற்றிச் சுற்றிக் காட்டச் சொல்லி முழுசும் பார்த்துவிட்டு, "இதுக்கா அமெரிக்கா போனே?" என்றார்.

பெட்ரோல் டாங்க் விஷயத்தைக் கடைசிவரை நான் வீட்டில் சொல்லவில்லை. மாடல் ஏ-யில் அது டாஷ்போர்டுக்குப் பின்னால், கண்ணாடிக்கு முன்னால், உட்காருகிறவர் முழங்காலுக்கு நேர் மேலே இருக்கும். பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாகவே கீழே இறங்கும். மனைவி ஒருநாள் சீட்டில் உட்கார்ந்து பார்த்தவள், இது என்ன வாசனை என்று கேட்டாள். சொல்ல வேண்டியதாகிவிட்டது. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். இங்கே மடியில் சுமார் 38 லிட்டர் பெட்ரோல்.

"அடைக்க ஏதாவது இருக்கா?"

இருக்கிறது. டாங்குக்கு அடியில், பக்கத்து சீட்டுக்காரர் முழங்கால் பக்கமாகச் சின்னத் திருகு.

"அப்போ ராத்திரி கேஸ் சிலிண்டரை மூடுற மாதிரி இதையும் மூடிட்டு வந்து படுங்க. மறக்காதீங்க."

இந்த ஊரில் பெட்ரோலுக்கும் கேஸ் என்றுதான் பெயர், அதனால் அவள் சொன்னதில் தப்பில்லை. அன்றிலிருந்து ஒருநாள் தவறாமல் மூடினேன்.

வெள்ளோட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். பெரியவர் காரணம் கேட்டுவிட்டு, நசுங்கியதும் தொப்பியைக் கழற்றினார். ஸ்டீயரிங்கின் இடது குச்சி மேலே, வலது குச்சி கொஞ்சம் கீழே, சோக்கை இழுத்து, காலால் ஸ்டார்ட்டரை மிதித்தேன். இரண்டு இருமல், ஒரு தும்மல், பிடித்துக்கொண்டது! மனைவி ஜமக்காளத்தில் உட்கார்ந்தாள், மகள் பின்னால். எதிர்வீட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். நான் கையசைத்தேன்.

சரியாக மூன்று வீடு தாண்டியதும் வண்டி குலுங்கி நின்றுவிட்டது. மறுபடி மிதித்தேன், சுற்றியது, பிடிக்கவில்லை. பெரியவர் ஓடிவந்து பிளக்கைக் கழற்றினார், காயிலைத் தொட்டார், என் வயரிங்கை ஒரு பார்வை பார்த்தார். பாயின்ட் போயிருக்கும் என்றார். சரி என்று நானும் அவரும் எதிர்வீட்டுப் பையனும் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தோம். கைதட்டியவர்கள் இப்போது போட்டோ எடுத்தார்கள்.

முன்சீட்டிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, இந்தத் திருகு மூடியே இருக்கே?"

கார்புரேட்டரின் மிதவைத் தொட்டியில் மிச்சமிருந்த பெட்ரோலில்தான் அந்த மூன்று வீட்டையும் தாண்டியிருக்கிறோம்.

"நீதானே மூடச் சொன்னே!" என்றேன், மூச்சு வாங்க.

"மூடத்தான் சொன்னேன். காலைல காபி போடறப்ப நான் திறக்கறதில்லையா?"