குழாய் எங்கே போகிறது?

"கழிவுநீர்க் குழாய் எங்கே போகிறதும்மா?"

தீசிஸ் ஜூரியில், அதாவது கட்டடக்கலை மாணவர்கள் தங்கள் இறுதியாண்டு வடிவமைப்பை ஆசிரியர்கள் முன் வைக்கும் அமர்வில், ஆண்டுதோறும் நான் கேட்கும் கேள்விதான். அன்று ஒரு மாணவி சுவரில் ஒட்டியிருந்தது, ஆற்று முகத்துவாரத்தின் மேல் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குத் தொங்கும் ஒரு நகரம். முழுக்கப் பென்சில் கோடுகள். அதைப் பார்த்ததும் ஒரு கணம் பேச்சே எழவில்லை. அதன் பிறகுதான் கேட்டேன்.

அவள் தடுமாறவில்லை. "சார், பூலே வரைந்த நியூட்டன் நினைவிடத்தில் யாராவது குழாயைத் தேடினார்களா?" என்றாள்.

1784இல் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பூலே வரைந்த 150 மீட்டர் உயரக் கோளம் அது. கோளத்தின் மேலோட்டில் இட்ட துளைகள் வழியே வரும் பகல் வெளிச்சம் உள்ளே விண்மீன்களாகத் தெரியும். அது கட்டப்படவே இல்லை. வகுப்பில் அவளுக்கு அதைக் காட்டியவனும் நான்தான்.

"அது நினைவிடம். அங்கே யாரும் குளிக்கப் போவதில்லை. உன் நகரத்தில் மனிதர்கள் வாழ வேண்டும்" என்றேன். மற்றவர்கள் தலையசைத்தார்கள். அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

நான் சொன்னதில் தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். டோக்கியோவில் கிஷோ குரோகாவா கட்டிய நகாகின் கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1972இல் முடிந்தது, பெட்டி போன்ற சிறு அறைகளாக 140 கேப்சூல்கள். 25 ஆண்டுக்கு ஒருமுறை அவற்றைக் கழற்றிப் புதிதாக மாட்டலாம் என்பது கனவு. கீழே இருப்பதை எடுக்க மேலே இருப்பவற்றையும் கழற்ற வேண்டிய நெருக்கம். ஒன்றுகூட மாற்றப்படவில்லை. குழாய்கள் கெட்டு வெந்நீர் நின்றுபோனது. 2022இல் கோபுரத்தையே பிரித்தார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் பட்ட பாட்டை நினைத்தால், யாராவது முன்பே அழுத்திக் கேட்டிருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

ஆனால் 1969இல் பிளாரன்ஸின் சூப்பர்ஸ்டூடியோ என்ற கட்டடக் கலைஞர் குழுவினர், கட்டம் போட்ட ஒரே வெள்ளைக் கட்டடம் உலகத்தையே சுற்றி ஓடுவதாக வரைந்தார்கள். கட்டுவதற்காக அல்ல, கட்டடக்கலை இப்படியே போனால் எங்கே முடியும் என்று காட்டுவதற்காக. அதன் முன் நின்று குழாயைக் கேட்பவனுக்குப் படம் படிக்கத் தெரியவில்லை என்றுதான் பொருள். அவளுடைய நகரம் குடியேறுவதற்கா, எச்சரிப்பதற்கா? அதை அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்? ஜூரியில் ஒருவருக்கு இருபது நிமிடம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஒரு கேள்விக்கு அரை நிமிடம் போதும் என்பதும் தெரியும்.

இறுதி ஜூரிக்கு அவள் கொண்டுவந்தது கரையில் நிற்கும் நான்கு மாடிக் கட்டடம். கழிவுநீர் சுத்திகரிப்புக்குத் தனி ஷீட்.

"இப்போது சரியாக இருக்கிறதா சார்?"

"சரியாக இருக்கிறதும்மா."

குழாய்களின் சாய்வுகூடப் பிசகவில்லை. மதிப்பெண்ணை நிறையவே போட்டேன். அந்தப் பென்சில் தாள் எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த மாணவன் தன் ஷீட்டுகளை ஒட்டத் தொடங்கிவிட்டான்.