மயிலிறகும் உலக்கையும்

பலஸ்தீன எழுத்தாளர் கசான் கனஃபானி 1969 இல் எழுதிய ‘ஹைஃபாவுக்குத் திரும்புதல்’ குறுநாவலை இந்த மாரியில் மூன்றாம் தடவையாக வாசித்தேன். 1948 ஏப்ரலில் பலஸ்தீனத் துறைமுக நகரான ஹைஃபா யூதப் படைகளிடம் வீழ்ந்தபோது, சனநெரிசலில் துறைமுகத்தை நோக்கித் தள்ளுண்டு, கைக்குழந்தை கல்தூனை வீட்டிலேயே விட்டுப் பிரிய நேர்ந்த ஸயீத்தும் ஸஃபிய்யாவும், 1967 அரபு-இஸ்ரேல் யுத்தத்தின் பின்னர் வழி திறந்ததும் அவ்வீட்டைப் பார்க்கப் போகிறார்கள். அங்கே போலந்திலிருந்து வந்த மிரியம் என்ற யூதப் பெண் வசிக்கிறாள். அவளும் தந்தையை நாசிகளிடம் பறிகொடுத்தவள்.

வரவேற்பறையில் அமர்ந்ததும் பூச்சாடியிலுள்ள மயிலிறகுகள்தாம் ஸயீத்தின் கண்ணில் படுகின்றன. அன்று ஏழு இருந்தன; இன்று ஐந்து. மற்ற இரண்டும் எங்கே என்று கேட்கிறார். டோவ் சிறுவயதில் விளையாடித் தொலைத்திருப்பான் என்கிறாள் மிரியம். அவள் வளர்த்த அந்த டோவ்தான் கல்தூன். 1948 இல் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட பலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள் என்பதைப் பலமுறை வாசித்திருக்கிறேன். அந்தப் பெருந்தொகையால் என் நெஞ்சுக்குள் கொண்டுவர முடியாததை இந்த இரண்டு இறகுகள் கொண்டுவந்தன. பன்னிரண்டு வயதில் பலஸ்தீனத்தின் அக்கா நகரை விட்டு அகதியாக வெளியேறிய கனஃபானிக்கு, வீடிழந்தவரின் கண் முதலில் எதைத் தேடும் என்பது தெரிந்திருந்தது.

எனக்கும் அது கொஞ்சம் தெரியும். 2007 மார்ச்சில் ஷெல்வீச்சுக்குப் பயந்து மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து கிழக்கே எழுவான்கரைக்கு ஓடியபோது நாங்களும் ஓடினோம். தறப்பாள் கொட்டிலில் சில மாதங்கள் கிடந்து திரும்பி வந்த அன்று, கூரையின் ஓடும் சிலாகையும் கழற்றப்பட்டு வெறும் சுவராக நின்ற வீட்டைப் பார்த்து அம்மா அழவில்லை. கொல்லைப்புறம் போய் நின்று, “உரல் இரிக்கி, உலக்கையத்தான் காணல்ல மனே” என்றார். அன்று பொழுதுபடும்வரை பற்றைக்குள்ளும் கிணற்றடியிலும் அதையே தேடிக்கொண்டிருந்தார்.

ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. தன் வீட்டு வாசலில் நின்று அழைப்புமணியை அழுத்தும் ஸயீத், மணியை மாற்றிவிட்டார்கள் என்கிறார். பெயரையுந்தான் என்று சேர்த்துக்கொள்கிறார். எங்கள் வீட்டில் தட்டுவதற்குக் கதவே மிஞ்சவில்லை. ஆனாலும் யாரையும் கேளாமல் உள்ளே போனோம்.