இரண்டு அங்குலம் உயர்த்திய ஜீப்பும் ஒரு பழைய ஷாஃப்ட்டும்

எங்கள் வயல் முத்தையன்கட்டுப் பக்கம், ஒட்டுசுட்டானில் இருந்து உள்ளே இறங்கும் மண் பாதையில் கிடக்கிறது. காலபோகத்துக்கு விதைநெல்லும் பசளையும் ஏற்றிக்கொண்டு போவது என் சுசுக்கி எஸ்ஜே 413 ஜீப்பில்தான். மாரி தொடங்கினால் உழவு இயந்திரங்கள் அந்தப் பாதையை இரண்டு வாய்க்காலாக வெட்டிவிடும். நடுவில் நிற்கும் மண்முதுகில் என் டிஃபரன்சல் (அச்சின் நடுவில் தொங்கும் பல்லுப்பெட்டி) போய் உட்கார்ந்துவிடும். ஒரே மாரியில் மூன்று தடவை உழவு இயந்திரம் கூப்பிட்டு இழுக்க வைத்த பிறகுதான் ஜீப்பை உயர்த்துவது என்று முடிவெடுத்தேன். கையில் பெரிய காசு இல்லை. வெளிநாட்டுக் கிட் எல்லாம் நினைத்தும் பார்க்க முடியாது.

ஒரு கராஜில் கொடுத்து, ஸ்பிரிங்குகளின் முனையைச் சேஸியோடு தொடுக்கும் ஷக்கிளை இரண்டு அங்குலம் நீளமாகச் செய்வித்தேன். ஷக்கிளில் கூட்டும் நீளத்தில் பாதிதான் வண்டிக்கு உயரமாகக் கிடைக்கும், ஆகவே அதில் ஒரு அங்குலம். ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் ஒரு பட்டை கூடப் போட்டதில் இன்னுமொரு அங்குலம். ஒரு நாளில் வேலை முடிந்தது. வண்டி கம்பீரமாக நின்றது. அன்று பின்னேரம் மாங்குளம்–முல்லைத்தீவு றோட்டில் ஏற்றி ஐம்பதைத் தாண்டியதும் இருக்கைக்குக் கீழே இருந்து ஒரு நடுக்கம் கிளம்பியது. வேகம் கூடக்கூட அதுவும் கூடியது. காலை எடுத்தால் குறையும், மிதித்தால் திரும்ப வரும். கராஜுக்குத் திரும்பிப் போய்ச் சொன்னேன். டயர் பலன்ஸ் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். பார்த்தேன், டயரில் ஒன்றுமில்லை.

புதுக்குடியிருப்பில் லேத் வைத்திருக்கும் ஒரு அண்ணையிடம் மச்சான் கூட்டிப் போனான். அவர் வண்டிக்குக் கீழே படுத்து, டோர்ச் அடித்து ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, ஷாஃப்ட்டைக் கழட்டினவங்களோ?"

"ஓம் அண்ணை, கிரீஸ் அடிக்கக் கழட்டினதெண்டு சொன்னவங்கள்."

"கழட்டேக்க குறி வைக்கேல்லப் போல. ரெண்டு கவையும் ஒரு நேரில நிக்கேல்ல, பார்."

சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் பின் ஷாஃப்ட் இரண்டு துண்டாக, ஸ்பிளைனில் (நீளவாக்கில் பல் வெட்டிய பகுதியில்) ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் மாதிரி இருக்கும். இரண்டு முனையிலும் குறொஸ் (சிலுவை வடிவ மூட்டு) பிடிக்கும் கவைகள் ஒரே நேரில் நிற்க வேண்டும். ஒரு குறொஸ் சாய்வாகச் சுற்றும்போது, ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். மறுமுனைக் குறொஸ் அதே அளவை எதிர்ப்பக்கமாகச் செய்து சமன் செய்கிறது. கவைகள் நேர் பிசகினால் அந்தச் சமன் போய்விடும். அண்ணை ஷாஃப்ட்டை இழுத்து, ஸ்பிளைனில் சில பல் திருப்பிச் செருகினார். பாதி நடுக்கம் அந்த இடத்திலேயே போய்விட்டது. அதற்கு அவர் காசே வாங்கவில்லை. ஷாஃப்ட் கழற்றும் எவரும் முதலில் இரண்டு துண்டையும் சேர்த்து ஒரு பெயின்ற் கோடு போட்டுவிட வேண்டும். இதைச் செய்யாத கராஜில் நான் இனி வண்டி விடமாட்டேன்.

ஷாஃப்ட்டை இழுத்தபோதுதான் எனக்கு உண்மையில் பயம் பிடித்தது. வண்டி உயர்ந்தால் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கும் (முன், பின் ஷாஃப்ட்டுகளுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் பெட்டிக்கும்) பின் அச்சுக்கும் இடையில் தூரம் கூடும், அந்தக் கூடுதலை ஸ்பிளைன்தான் வழுக்கிக் கொடுக்கிறது. சேஸியை ஜக்கில் தூக்கி, சில்லுகளைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். 15 மில்லிமீற்றர்தான் உள்ளே நின்றது. ஒரு வாய்க்காலில் பின் சில்லு தொங்கியிருந்தால் ஷாஃப்ட் கழன்று விழுந்திருக்கும். தொங்கும் நிலையிலும் ஸ்பிளைனின் விட்டத்தின் அளவாவது உள்ளே நிற்க வேண்டும் என்பது அண்ணையின் கணக்கு.

நீளமான புது ஷாஃப்ட் செய்ய எழுபதாயிரம் ரூபாய் கேட்டார்கள். அதற்குப் பதிலாக அண்ணை 25 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு இரும்பு ஸ்பேசர் கடைந்து, டிஃபரன்சல் பிளேஞ்சுக்கும் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டுக்கும்) ஷாஃப்ட் பிளேஞ்சுக்கும் இடையில் போட்டார். சும்மா நான்கு ஓட்டை போட்ட வட்டத் தகடு இதற்குச் சரிவராது. பிளேஞ்சின் நடுவில் இருக்கும் உதடு ஸ்பேசரின் பள்ளத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும், ஸ்பேசரின் மறுபக்கத்திலும் அதே உதடு எழும்ப வேண்டும். இல்லையென்றால் ஷாஃப்ட் நடு பிசகிச் சுற்றி, தீர்ந்த நடுக்கம் திரும்பவும் வரும். நீளமான போல்ட்டுகளை தலையில் 10.9 என்று உறுதித் தரம் அடித்ததாகத் தேடி வாங்கினோம். பிறகு ஒரு பக்கச் சில்லை ஜக்கில் ஏற்றி ஸ்பிரிங்கை முழுதாக அமுக்கி, ஷாஃப்ட் உள்ளே போய் முட்டவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டோம்.

மிச்ச நடுக்கத்துக்குக் காரணம் கோணம். நெல் காயப்போடும் சீமெந்துத் தளம் மட்டமானது என்பதால் வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். மகளின் பாகைமானியின் நடுவில் நூல் கட்டி, நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டேன். முதலில் ஷாஃப்ட் குழாயின் சரிவு: 16 பாகை. பிறகு நான்கு சில்லுக்கும் கட்டை வைத்துவிட்டு ஷாஃப்ட்டைக் கழற்றினேன். பின் ஷாஃப்ட் இல்லாவிட்டால் கியரில் விட்டாலும் வண்டி நிற்காது, கட்டை மறக்கக் கூடாது. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பிளேஞ்ச் 3 பாகை கீழ்நோக்கி இருந்தது. டிஃபரன்சல் மூக்கு, அதாவது ஷாஃப்ட் பூட்டும் முனை, 7 பாகை மேல்நோக்கி இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, அதாவது மூக்கும் 3 பாகையில், நிற்க வேண்டும். அப்போதுதான் இரண்டு குறொஸும் 13, 13 என்று ஒரே சாய்வில் சுற்றும். எனக்கு 13, 9 என்று இருந்தது. பின் ஷக்கிள் ஸ்பிரிங்கின் பின்முனையில் இருப்பதால், அதை நீளமாக்கியதும் ஸ்பிரிங்கே சாய்ந்து மூக்கை மேலே தூக்கிவிட்டது.

ட்ரான்ஸ்ஃபர் கேஸைக் கீழே இறக்கலாமே என்று மச்சான் கேட்டான். இந்த வண்டியில் அது கியர் பொக்ஸோடு ஒட்டியிராது, தனியாகத் தொங்குகிறது. இடையில் ஒரு குட்டை ஷாஃப்ட் இருக்கிறது. கேஸை இறக்கினால் அந்தக் குட்டை ஷாஃப்ட்டின் கோணம் கெடும், வயிற்றுப் பக்க உயரமும் குறையும். ஆகவே 4 பாகை இரும்பு ஆப்பு கடைவித்து, ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையில் தடித்த பக்கம் பின்னுக்கு வரும்படி வைத்தோம். மூக்கு இறங்கியது. ஸ்பிரிங்கின் நடுப் போல்ட்டையும் நீளமானதாக மாற்ற வேண்டியிருந்தது. தேய்ந்த இரண்டு குறொஸையும் அந்தக் கையோடு மாற்றினேன். ஸ்பேசர், ஆப்பு, குறொஸ், போல்ட் எல்லாமாக 23,000 ரூபாய். அறுபதில் இப்போது நடுக்கமில்லை. 13 பாகை அதிவேகத்துக்கு ஏற்ற கோணம் இல்லை, ஆனால் அறுபதுக்கு மேல் நான் ஓடுவதில்லை.

முன்பக்கத்தில் ஸ்டியரிங், ஷாஃப்ட் கோணம் இரண்டையும் ஒருங்கே திருத்த வழியில்லை. ஷக்கிள் உயர்ந்ததில் சில்லு திரும்பும் அச்சின் பின்சாய்வு குறைந்து, ஸ்டியரிங் அலைந்தது. ஆப்பு வைத்து அதைத் திருத்தினால் முன் டிஃபரன்சல் மூக்கு கீழே போய் ஷாஃப்ட் கோணம் கூடும். என் வண்டியில் முன் சில்லை அச்சோடு இணைக்கவும் பிரிக்கவும் கையால் பூட்டும் ஹப் இருக்கிறது. தார் றோட்டில் அதைத் திறந்துவிட்டால் முன் ஷாஃப்ட் சுற்றவே சுற்றாது. சேற்றில் மெதுவாக ஊரும்போது மட்டும் சுற்றும். எனவே ஸ்டியரிங்கின் பக்கம் நின்று ஆப்பு வைத்தேன்.

சரி, உயர்த்தியதால் டிஃபரன்சல் உயர்ந்ததா? இல்லை. அச்சு நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதை டயர்தான் தீர்மானிக்கிறது. உயர்த்தல் பெரிய டயருக்கு இடம் தந்தது, அவ்வளவுதான். 205/70 அளவு டயர் இருந்த இடத்தில் அதே 15 அங்குல ரிம்மில் 235/75 போட்டதில் 33 மில்லிமீற்றர் கிடைத்தது. பதிலுக்கு இழுவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்தது. மீற்றர் 50 காட்டும்போது உண்மையில் 55 போகிறது. எஸ்ஜே 410இன் டிஃபரன்சல் விகிதம் (சில்லின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் சுற்றும் அளவு) 4.11, என்னுடையது 3.73. அந்தப் பல்லுக்கு மாறினால் இழுவை திரும்பக் கிடைக்கும். ஆனால் முன், பின் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் நாலு சில்லு இழுவை போட்டதும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் திணறும். அதற்கு இப்போது காசில்லை. லோ கியரில் சமாளிக்கிறேன்.

பின் பிரேக் ஹோஸ் சில்லு தொங்கும்போது கம்பியாக இழுபட்டது, நீளமானது போட்டேன். அச்சை ஸ்பிரிங்கோடு இறுக்கும் யூ போல்ட்டுகளை ஒரு கிழமை ஓடிய பிறகு திரும்ப முறுக்கினேன். எட்டில் மூன்று நல்லாகவே இளகியிருந்தன.